வெந்நீர் போட்டு வை

அன்புத் தங்கச்சிக்கு,

நீயும் பிள்ளையும் சுகமா? இதை உன் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் என்றால் ரெண்டு பேரும் அழுதுவிடுவோம்.

பிள்ளையைக் குளிப்பாட்ட அக்கா வரவில்லையே என்று உனக்கு வருத்தம். அம்மா உயிரோடு இருந்திருந்தால் பிள்ளை பிறந்த அன்றைக்கே மணலிக்கு உன்னிடம் ஓடிவந்திருக்கும். மீன் அரியும்போது மணிக்கட்டில் பட்ட வெட்டு ஆறிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். ஆறினது தோல்தான். விரலெல்லாம் மரத்தே கிடந்தது. தண்ணீர்ச் சூடும் தெரியாது, எண்ணெய் பூசின பிள்ளை வழுக்கினாலும் தெரியாது.

தையல் போட்ட டாக்டரம்மாவிடம் கேட்டேன். "நரம்பு ஒயர் மாதிரிம்மா. விரல் தொட்டதை மூளைக்குச் சொல்றது அதுதான். உள்ளே இருக்கிற இழை அறுந்துபோச்சு. அந்த இழைக்கு உயிர் கொடுக்கிற செல் முதுகெலும்புப் பக்கத்துல பத்திரமா இருக்கு. பழைய உறை வழியாவே மெதுவா வளர்ந்து வரும்" என்றார்.

மூளையில் செத்தது மட்டும் திரும்ப முளைக்காதாம். அம்மாவுக்கு வாதம் அடித்தது அங்கே. எனக்குக் கையில்தான்.

நேற்று டீக்கடையில் கிளாஸை வாங்கினதும் விரலில் சுரீர் என்றது. கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன்.

"இன்னாக்கா, கிளாஸ ஒடைச்சிட்டு சிரிச்சிகினு கீற?" என்றான் கடைக்காரப் பையன் சாவியோ.

"சுட்டுச்சுடா! இன்னொரு டீ போடு, நல்லா சூடா!" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் வருகிறேன். வெந்நீர் போட்டு வை. சூடு நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா