கறுப்புக்கொடியைக் காணாத இயந்திரம்

மார்ச் 3

என் எதிரே விரிந்து கிடக்கும் வெள்ளைத் தாளே! இவ்வீட்டில் என் பேச்சை இடைமறிக்காத ஒரே அவையே! உன் முன் ஒரு கொடுமையை எடுத்து வைக்கிறேன், கேள்.

என் சகலை தன் நெகிழிக் கிடங்கில் கழிவு பிரிக்கும் இயந்திரம் ஒன்றை நிறுவப் போகிறான். ஓடும் பட்டையின்மீது ஒளியைப் பாய்ச்சுமாம். திரும்பி வரும் ஒளியைக் கொண்டு இது இன்ன நெகிழி என்று அறியுமாம். அறிந்த நொடியில் காற்றை ஊதி உரிய தொட்டிக்குள் தள்ளுமாம். இவ்வளவையும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, மூன்றாம் முறை பரிமாறச் சொல்லியபடியே விளக்கினான்.

"கையால பிரிச்சா என்னிக்கும் ஒண்ணோட ஒண்ணு கலந்துதான் இருக்கு அண்ணே. வாங்குறவன் லாரியோட திருப்பி விடுறான். மெஷின் வந்தா சுத்தமான சரக்கு, நல்ல விலை. இனி எட்டுப் பேர் எதுக்கு? ரெண்டு பேர் போதும்."

அந்த எட்டுப் பேரில் ஒருத்திதான் அப்போது அவனுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். என் துணைவி, அவன் மனைவிக்கு உடன்பிறந்த அக்காள். கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு அது அவன் தட்டில் இறங்கவே இல்லை.

மார்ச் 4

"இவ்வநீதியை எதிர்த்து நாடே அதிர முழங்குவேன்!" என்றேன்.

"முழங்குங்க. அதுக்கு முன்னாடி மாடில காயுற துணிய எடுத்துட்டு வாங்க" என்றாள்.

எடுத்து வந்தேன். மடிக்கும்போது சொன்னாள்: "நின்னு நின்னு கால் வீங்கிப் போகுது, அது நிஜம். ஆனா வேலை போயிட்டா இந்தக் கால வச்சுக்கிட்டு எங்க போறது?"

மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கினேன்.

மார்ச் 8

எண்மரும் எங்கள் முன்னறையில் கூடினர். தொடக்க நாளன்று கறுப்புக்கொடி காட்டுவது என்று தீர்மானம். எண்மரில் மூத்தவர், குரல்வளத்தால் 'சைரன்' என்று அழைக்கப்படுபவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணே, உங்க பேச்சு எவ்ளோ நேரம்? எங்களுக்கு பஸ் இருக்கு."

கொடிக்குத் துணி வாங்கப் பொதுநிதி இடம் கொடுக்கவில்லை. கிடங்கில் கிடந்த கறுப்புக் குப்பைப் பைகளை வெட்டிக் கம்பில் கட்டிவிட்டார்கள். கொடி எதனால் ஆனது என்பதா முக்கியம்? நிறமன்றோ முக்கியம்!

மார்ச் 12

எப்படி எழுதுவேன்? எழுதித்தான் தீர வேண்டும்.

தொடக்க நாளான இன்று, கிடங்கில் நெகிழிப் பொதி ஒன்றின்மேல் ஏறி நின்றேன். "உழைத்துச் சிவந்த கைகளே!" என்று தொடங்கினேன். இரண்டாம் வரிக்கு வாய் திறந்தபோது சகலை விசையை அழுத்திவிட்டான். பட்டை உறுமியது. காற்றுக்குழாய்கள் 'டப் டப்' என்று வெடித்தன. என் வரலாற்றிலேயே சிறந்த உரையை நான் ஆற்றினேன். அதை நான்கூடக் கேட்கவில்லை.

சொல் தோற்ற இடத்தில் செயல் வேண்டும். கொடிகளைப் பட்டையில் வீசுங்கள் என்று கைகாட்டினேன். எட்டுக் கொடிகளும் விழுந்தன. அரக்கனின் தொண்டை அடைக்கும் என்று காத்திருந்தோம்.

ஒன்றும் நடக்கவில்லை! ஒளிக்கு அடியில் எங்கள் போராட்டம் அமைதியாக ஊர்ந்து போயிற்று. காற்றும் ஊதவில்லை. கடைக்கோடிக் குப்பைக் குவியலில், ஓய்வுபெற்ற அலுவலர்களைப்போல் கொடிகள் ஒவ்வொன்றாக அமர்ந்தன.

சகலை இயந்திரத்தை நிறுத்தினான். அதைப் பொருத்த வந்த பொறியாளர் என்னிடம் பணிவோடு சொன்னார்: "கறுப்பு அதுக்குத் தெரியாது சார். கறுப்பு பிளாஸ்டிக் ஒளிய முழுங்கிடும், எதுவும் திரும்பி வராது. பெல்ட் காலியா இருக்குன்னு நெனச்சுக்கும்."

ஆட்சியாளர் எத்தனையோ பேர் என் கறுப்புக்கொடியைக் காணாததுபோல் நடித்ததுண்டு. மெய்யாகவே காணாதது இது ஒன்றுதான்.

வெகுண்டு தோள்துண்டைச் சுழற்றிப் போட்டேன். அது தோளில் விழவில்லை, பட்டையில் விழுந்தது. அதே நொடியில் சகலை — வேண்டுமென்றேதான் — மறுபடி விசையை அழுத்தினான். டப்! துண்டு பறந்து போய்த் தண்ணீர்ப் புட்டிகளுக்கான தொட்டியில் விழுந்தது.

"பாலியஸ்டர் சார்," என்று என் காதருகே கத்தினார் பொறியாளர். "தண்ணி பாட்டிலும் இதுவும் ஒரே சரக்குதான்."

ஐயோ, என்னத்தச் சொல்ல! இருபது ஆண்டுகளாய் மேடைதோறும் "பருத்தியன்றிப் பிறிதொன்றை இத்தோள் அறியாது!" என்று முழங்கியவன் நான். திரும்பி என் துணைவியைப் பார்த்தேன்.

"சீக்கிரம் காயும்னு வாங்கினேன்" என்று அவளும் கத்தினாள்.

சைரன் சிரித்தார். இயந்திரம் ஓடியும் அந்தச் சிரிப்பு தெளிவாகக் கேட்டது.

மார்ச் 13

தொண்டை கட்டியிருக்கிறது. வெளியே போகாதிருக்க அது போதுமான காரணம்.

மார்ச் 15

இயந்திரம் பிரித்த முதற்சுமை லாரியில் போயிற்று, திரும்பி வரவில்லை. சகலை தெருவில் என்னைக் கண்டதும், "அண்ணே, துண்டையும் பொதியில சேர்த்துக் கட்டியிருந்தா இன்னும் நல்ல விலை வந்திருக்கும்!" என்றான். ஆறு பேருக்கு மாத முடிவில் கணக்குத் தீர்த்துவிடுவானாம். அவர்களில் என் துணைவியும் உண்டு. அதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

கொடிகளையாவது மீட்போம் என்று குப்பைக் குவியலுக்குப் போனேன். முழங்கால் வரை இறங்கித் துழாவினேன். கைக்கு வந்தவை: கறுப்பு உணவுத்தட்டு, கறுப்பு மூடி, கறுப்புப் பூந்தொட்டி, கறுப்புத் தட்டு, மறுபடி கறுப்பு மூடி. ஒரு கொடி. மறுபடி தட்டுகள்.

தட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன். அவ்வளவும் நல்ல நெகிழி! இயந்திரம் காணாததால் குப்பையாயிற்று. மனிதக் கண் காணுமே?

மார்ச் 16

கோணிப்பை நிறையக் கறுப்புப் பொருள்களை அள்ளிச் சென்று சகலையின் மேசைமேல் கவிழ்த்தேன். என் துணைவி உடன் வந்தாள். என் வாழ்விலேயே குறுகிய உரையை ஆற்றினேன்:

"இதை வாரிப் போக நீ கூலி கொடுக்கிறாய். பிரித்தால் இதுவும் விற்கும். உன் இயந்திரத்துக்கு இது தெரியாது, இவர்களுக்குத் தெரியும்."

அவன் ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்தான். துணைவி இரண்டு தட்டுகளை எடுத்து வளைத்தாள். ஒன்று மடங்கியது, ஒன்று முறிந்தது. "இது வேற, அது வேற" என்று தனித்தனியே வைத்தாள். சகலை வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டான்.

"சரி அண்ணே. நாலு பேர் இருக்கட்டும்."

"எட்டு" என்றாள்.

"அக்கா, யாவாரம்னா—"

"உட்கார்ந்து பிரிக்க நாற்காலியும் போடுங்க தம்பி. அன்னிக்கு நிறுத்தின கரண்டி இன்னும் அங்கயேதான் நிக்குது."

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான். "ஒரு மாசம் பாப்போம். எட்டுப் பேரும்" என்றான்.

இதில் எது வென்றது? வாதமா, கரண்டியா? ஆராயாமல் விடுவதே என் கொள்கைக்கு நல்லது.

ஏப்ரல் 20

பட்டையின் கடைக்கோடியில் எட்டு நாற்காலிகள். கறுப்புச் சரக்கு தனிச்சுமையாய்ப் போயிற்று; அதுவும் திரும்பி வரவில்லை. சகலை நேற்று இங்குதான் உண்டான்; மூன்றாம் முறையும் கரண்டி இறங்கியது. துணைவியின் கால் வீக்கம் வற்றியிருக்கிறது. மேடையில் பருத்தி பற்றிய வரியை நீக்கிவிட்டேன், துண்டை நீக்கவில்லை. உண்மையாகவே சீக்கிரம் காய்கிறது.

ஆனால் தாளே, உடைந்த தட்டின் விளிம்பு இன்று அவள் விரலைக் கிழித்துவிட்டது. கையுறை கேட்டதற்கு, "அடுத்த மாசம் பாப்போம்" என்கிறானாம்.

சகலையே! உன் இயந்திரத்தின் கண்ணாடியை நாள்தோறும் மென்துணியால் துடைக்கிறாய். அது காணாததைக் காணும் கைகளுக்கு உறை எங்கே? அடுத்த மாதம் அன்று, நாளை அன்று, இன்றே கொடு! எட்டு இணை, இப்பொழுதே கொடு! சைரன் வாசலில் வந்து நிற்கிறார். கிளம்பிவிட்டோம். இம்முறை எங்கள் கொடி வெள்ளை; அதை இயந்திரமும் காணும்.