சத்திரத்தை விட்டு எழாத வாள்வீரன்

ஹாங்காங்

அன்புள்ள சூன் ஹோக்குக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

எங்கள் பத்திரிகையில் வாள்வீரர் தொடர்கதை எழுதுபவருக்குக் காய்ச்சல். அவர் வரும்வரை நான் எழுதுகிறேன். மரத்துக்கு மரம் பறந்து போடும் சண்டையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் வீரனைப் பனிமலைச் சத்திரம் ஒன்றில் சாப்பிட உட்கார வைத்தேன். ஒரு வாரமாகச் சாப்பிடுகிறான்.

"அக்கா, எதிரி வாசல்ல வாளோட நிக்கிறான், இவன் இன்னும் மீன்முள்ளு எடுத்துக்கிட்டிருக்கான்! அதுவும் பனிமலையில ஏது புளிக்குழம்பு?" என்று அச்சுக்கோக்கும் லாம் இன்று கத்தினார். அது பினாங்கில் நீங்கள் ஞாயிறுதோறும் வைக்கும் குழம்பு என்று நான் சொல்லவில்லை.

நாளைக்குள் வீரன் வாளை உருவாவிட்டால் என்னைப் பினாங்குக்கு, நம் வீட்டுக்கே அனுப்பிவிடுவாராம் ஆசிரியர். கவலைப்படாதீர்கள். என் அலமாரியில் உங்கள் சட்டைகளை அடுக்கியிருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள்.

அவசரம். வீரன் இன்னொரு கிண்ணம் சோறு கேட்கிறான், போட வேண்டும்.

உங்கள்
சியூ லான்