எந்தச் சுற்றுலா என்று கேட்டிருந்தாய்

குட்டிக்கு,

இல்லை, முழங்கால் காரணம் இல்லை. போனில் முழங்கால் என்று சொன்னது நான்தான், ஆனால் அது பொய். நீ அனுப்பிய நான்கு சுற்றுலாவில் ஒன்றைக்கூட ஏன் தேர்ந்தெடுக்கவில்லை, பதினைந்து நாளாக ஏன் இழுத்தடிக்கிறேன் என்று நேற்றும் கேட்டாய். வாய்வரைக்கும் வந்தது, சொல்ல முடியவில்லை. போனில் என்றால் நீ உடனே ஏதாவது சொல்லிவிடுவாய், அந்த உடனேதான் பயம். அதனால் எழுதுகிறேன். முடித்ததும் அப்பா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவார். அவர் படித்தால் படிக்கட்டும், அவருக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை. நானும் அப்பாவும் மருந்து மாத்திரை அளவில் நன்றாகவே இருக்கிறோம். நீ, மாப்பிள்ளை, உன் வயிற்றில் இருக்கிற ஐந்து மாதம், மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். காலை வாந்தி நின்றதா என்று மறக்காமல் சொல்.

நான்கு காகிதத்தையும் அப்பா அச்செடுத்துத் தந்தார். சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்திருக்கிறேன், மின்விசிறிக்குப் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு டம்ளர். சாப்பிடும்போது மேசையின் ஓரத்தில் ஒதுங்கிச் சாப்பிடுகிறோம். புதன் காலை வந்து இறங்குகிறேன், ஞாயிறு மாலை திரும்பும் விமானம். உனக்கு ஞாயிறு மட்டும்தான் விடுப்பு, லேப்பில் மாற்றிவிட ஆள் இல்லை, தெரியும். அம்மா பகலெல்லாம் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம், இந்த முறையே ஊரைக் கொஞ்சம் பார்த்துப் பழகிவிடட்டும், பிள்ளை பிறந்து நீ வேலைக்குத் திரும்பியதும் தள்ளுவண்டியோடு தனியாக வெளியே போகப்போகிறவள் அவள்தானே என்று நீ யோசித்து ஏற்பாடு செய்திருக்கிறாய். நல்ல யோசனை. நான் பயப்படுவதும் அதற்குத்தான்.

முதல் காகிதம் மாடி பஸ். மேலே கூரை கிடையாது. இருபத்திரண்டு நிறுத்தம், எங்கே வேண்டுமானாலும் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். வெயில் ஒத்துக்கொள்ளாது என்றேன். இரண்டாவது படகு. தலைசுற்றும் என்றேன். மூன்றாவது பழைய கடைத்தெருப் பக்கம் மூன்று மணி நேர நடை. முழங்கால் என்றேன். நான்காவது நாள் முழுக்க, ஊருக்கு வெளியே கோட்டை, ஏரி, நாற்பது பேர் போகிற பெரிய வண்டி. அதற்குச் சாக்கு எதுவும் கிடைக்காமல் போனை அப்பாவின் கையில் திணித்துவிட்டேன். அவர் உன்னிடம் என்ன சொன்னார் என்று பிறகு கேட்டேன். உங்க அம்மாவுக்கு ஊரைச் சுத்திக் காட்டாதே, ஊரை எண்ணிக் கையில கொடு, சரியா இருந்தா வாங்கிக்குவா என்றாராம். நீ சிரித்தாயாம். கிண்டலுக்குச் சொன்னார், அவர் வாய் அப்படி. சொன்ன பிறகு அவருக்கே உறைத்திருக்கிறது. அன்றைக்குப் பாத்திரம் எல்லாம் அவரே கழுவி வைத்தார்.

நான் வண்டியில் பிள்ளைகளை எப்படி எண்ணுவேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேனா, நினைவில்லை. பத்தொன்பது வருஷமாகப் பள்ளிப் பேருந்தில் உதவியாள், வீட்டில் அதைப் பற்றிப் பேசியதே குறைவு. பிள்ளைகளை முகத்துக்கு நேரே எண்ணினால் சரியாக வராது. நான் எண்ணுகிறேன் என்று தெரிந்தால் போதும், ஒன்று சீட்டுக்கு அடியில் குனியும், ஒன்று இடம் மாறும், ஒன்று தன்னைத்தானே இரண்டு முறை எண்ணவைக்கும். அவர்களுக்கு அது விளையாட்டு. அதனால் அவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்பேன். ஓட்டுநரின் தலைக்கு மேலே நீளமாக ஒரு கண்ணாடி இருக்கிறது, கடைசி வரிசை வரைக்கும் தெரியும். முன்னால் நின்று பையில் எதையோ தேடுகிற மாதிரி கண்ணாடியில் எண்ணிவிடுவேன். ஒரு பிள்ளைக்கும் தெரியாது. ஓட்டுநருக்கு மட்டும் தெரியும். அவர் வாய் ஓயாமல் பேசுவதால் பிள்ளைகள் வைத்த பெயர் ரேடியோ மாமா. என்னம்மா, வானரப்படை முழுசா இருக்கா என்பார். சரி என்பேன். நான் சரி என்றால்தான் வண்டி நகரும். பத்தொன்பது வருஷத்தில் அந்தச் சரி தப்பினதில்லை.

போன மாதம் மூன்றாம் வகுப்பை மீன் காட்சிசாலைக்குக் கூட்டிப் போனோம். இரண்டு வண்டி. டீச்சர் முன்வண்டியில், பின்வண்டி என் பொறுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். கூட்டத்தில் தொலையாமல் இருக்க எல்லோருக்கும் மஞ்சள் தொப்பி கொடுத்தார்கள். ஒன்று மிஞ்சியது. ரேடியோ மாமா அதை எடுத்து என் தலையில் வைத்து, மூணாம் கிளாஸ்ல புது அட்மிஷன் என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். கழற்ற மனம் வரவில்லை. திரும்பும்போது நல்ல மழை, எல்லோரும் நனைந்துகொண்டு ஓடிவந்து ஏறினார்கள், கண்ணாடி ஆவி பிடித்திருந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு எண்ணினேன். தலையை எண்ணவில்லை, மஞ்சளை எண்ணினேன். முப்பத்தெட்டு. சரி என்றேன். வண்டி நகர்ந்தது.

அதில் ஒன்று நான்.

பாதி வழியில் ஒரு பை சீட்டிலிருந்து சரிந்து விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. யாருடையது என்று கேட்டேன், பக்கத்துப் பிள்ளை பெயரைச் சொன்னது. அந்தப் பெயருக்கு வண்டியில் ஆள் இல்லை. ரேடியோ மாமா ஓரம் கட்டினார். வண்டியைத் திருப்பினார். மழை, நெரிசல், சிக்னல் எல்லாம் சேர்த்து ஐம்பது நிமிஷம். காட்சிசாலை வாசலில் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் காவலாளி. அழவில்லை. வண்டி போறதைப் பார்த்தேன் என்றாள். அப்புறம் ஏம்மா கூப்பிடலை என்று கேட்டேன். உள்ள இருக்கும்போது கத்தக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க என்றாள். அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. என் கையா அவள் கையா என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து நான் வண்டியில் இல்லை. பள்ளியின் பொருள் அறையில் இருக்கிறேன். பிள்ளைகள் விட்டுப்போன தண்ணீர் பாட்டில், குடை, ஒற்றைச் செருப்பு, இவற்றுக்குச் சீட்டு எழுதி அலமாரியில் அடுக்குகிற வேலை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் வண்டிகள் கிளம்புவது தெரியும், அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் போவதில்லை. அந்தப் பிள்ளையின் பெற்றோர் சத்தம் போடவில்லை. அவள் அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். ஒரு கூட்டம் நடந்தது. ரேடியோ மாமா எழுந்து, அவங்க எண்ணிக்கை சரிதான், தொப்பிதான் ஒண்ணு கூட, வச்சது நான் என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவைப்பதற்காகச் சொல்லவில்லை. என்னை மறுபடி வண்டியில் விடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதுவரைக்கும் வேண்டுமானால் பத்து நாள் வீட்டில் இருங்கள் என்றார்கள். உன்னிடம் பத்து நாள் விடுப்பு கிடைத்தது என்று சொன்னேனே, நீ அந்தப் பக்கம் கத்திக் குதித்தாயே, வயிற்றோடு குதிக்காதே என்று திட்டினேனே. அது விடுப்பு இல்லை குட்டி.

இதை மனசில் வைத்துக்கொண்டு நீ அனுப்பியதைப் படித்துப் பார். மாடி பஸ்ஸில் யாரும் யாரையும் எண்ணமாட்டார்கள். ஒன்பதாவது நிறுத்தத்தில் இறங்கி நான் அப்படியே காணாமல் போனால், நீ ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கிறவரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. படகில் வாசலில் ஒரு சுழலும் கம்பி எண்ணும், நூற்றிருபது பேர். கம்பிக்கு முகம் தெரியாது. பெரிய வண்டியில் ஒருவரை ஒருவர் அடையாளம் காண எல்லோருக்கும் ஆரஞ்சு மேலங்கி கொடுப்பார்களாம், படத்தில் நாற்பது ஆரஞ்சு முதுகு நிற்கிறது. காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில், குறித்த நேரத்துக்கு வராதவர்களுக்காக வண்டி காத்திருக்காது என்று போட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்தேன். அப்பா வந்து, என்ன, விலை ஜாஸ்தியா என்று கேட்டார்.

விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம் பாதிதான். மீதிப் பாதி வேறு. லிஃப்டில் ஏறினால் எண்ணுகிறேன். மருந்துக்கடை வரிசையில் எண்ணுகிறேன், என்னைச் சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை. இரண்டுக்கும் ஒன்று வித்தியாசம் வரும், வர வேண்டியதுதான், ஆனாலும் மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். அந்த வண்டியில் யாரும் கேட்காமலே நான் எழுந்து நின்று எண்ண ஆரம்பித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இதற்கெல்லாம் அடியில் இருப்பதை இன்னும் எழுதவில்லை. பேனாவை இரண்டு முறை மூடித் திறந்துவிட்டேன். நீ என்னை நம்பி உன் பிள்ளையை விடப்போகிறாய். இது உனக்குத் தெரியாமல் விட்டுவிட்டு, பிறகு எப்போதாவது யார் வாயிலிருந்தாவது தெரிந்தால். லேப்பில் கண்ணாடித் தகடு கையிலிருக்கும்போது அது உனக்கு ஞாபகம் வந்தால். அதை நினைத்தால் ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அது முப்பத்தெட்டும்மா, இங்கே ஒண்ணே ஒண்ணுதானே என்று நீ சொல்லுவாய். அதை மட்டும் சொல்லாதே. அன்றைக்கு விட்டுப்போனதும் ஒன்றுதான்.

சரி, எந்தச் சுற்றுலா. வியாழன் முதல் சனி வரை மூன்று நாளைக்கு மூன்று வேண்டாம், முதல் தடவை வருகிறவளுக்கு அது அதிகம், எல்லா ஊரும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும். புதன் தூங்குகிறேன். வியாழன் காலை அந்த நடைக்குப் போகிறேன். அந்தக் காகிதத்தில் ஒரு சின்னப் படம் இருக்கிறது, நீ பார்த்தாயா தெரியவில்லை. கூட்டிப் போகிற பெண் பின்பக்கமாக நடக்கிறாள். எட்டுப் பேர் அவளுக்கு எதிரே வருகிறார்கள், அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பேசிக்கொண்டே பின்னால் போகிறாள். எங்காவது கல்லில் தடுக்கி விழப்போகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்தேன். எட்டுப் பேரில் ஒருவர் நின்றுவிட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். எனக்கு அந்த மாதிரி நடக்கத் தெரியவில்லையே என்று இருந்தது. பயம் போகவில்லை. கூடவே எடுத்துக்கொண்டு வருகிறேன், அதற்குத் தனி டிக்கெட் கேட்கமாட்டார்கள். வெள்ளி, சனி உன் வீட்டிலிருந்து கடைக்கும் மருத்துவமனைக்கும் போகிற வழியை மட்டும் எழுதி வை, அதை நானே போய்த் திரும்பிப் பார்க்கிறேன். மற்ற மூன்றையும் விட்டுவிடு. மாப்பிள்ளை ஆசையாகத் தேடி எடுத்தது, வருத்தப்படாமல் பார்த்துச் சொல்.

பிள்ளையை என்னிடம் விடுவதா வேண்டாமா என்று இரண்டு பேரும் பேசுங்கள். நான் வந்து போன பிறகு சொன்னால் போதும். வேண்டாம் என்றால் என் முகம் வாடும், அதை நீ பார்க்க வேண்டியிருக்காது, நான் இங்கே இருப்பேன். பாவம் பார்த்துச் சரி என்று சொல்லாதே. சரி என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

லேப்பில் நின்றுகொண்டே வேலை பார்க்காதே, முதுகு இருக்கிற நாற்காலி கேள். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்காதே, சத்து உடம்பில் சேராது. ஈரத் தரையில் செருப்பில்லாமல் நடக்காதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிள்ளைக்கும் ஆயுசும் ஆரோக்கியமும் குறையாமல் கிடைக்கட்டும். உன் பயமும் சேர்த்து நானே பட்டுவிடுகிறேன், நீ தைரியமாக இரு. விமான நிலையத்தில் எந்தக் கதவுக்கு வெளியே நிற்பாய் என்பதை மட்டும் சரியாக எழுது. அந்தக் கதவை விட்டு நகராதே, எவ்வளவு நேரமானாலும்.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு. கையெழுத்துப் போட்ட பிறகு, நடைக் காகிதத்தில் இருந்த எண்ணுக்கு நானே போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். வியாழன் காலை இடம் இருக்கிறதா என்றேன், இருக்கிறது என்றாள். எத்தனை பேர் என்று கேட்டாள். ஒருவர் என்றேன். கூட யாரும் வரலையா மேடம் என்று மறுபடி கேட்டாள். இல்லை, நான் மட்டும்தான் என்று சொல்லி என் பெயரைக் கொடுத்தேன். எழுதிக்கொண்டாள்.