பயமில்லை என்று எழுதிய ஓட்டக்காரிகள்

அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்தத் தாள்கட்டை எடுத்ததும் ரப்பர் புகைக்கூடத்தின் வாசம் வந்தது. இத்தனை வருடங்களாகியும் அது காகிதத்தை விட்டுப் போகவில்லை. நீ கண்மூடி ஆறு மாதம்தான் ஆகிறது, தோழி. அதற்குள் உன் குரல் எனக்குச் சரியாக நினைவுக்கு வர மறுக்கிறது.

நீலாய்ப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் பெண் ஒருத்தி போன வாரம் வந்தாள். விளையாட்டு உளவியலில் நாடுகள் எப்படி ஒன்றுசேர்ந்து உழைத்தன என்ற வரலாற்றைத் தொகுக்கிறார்களாம். நம் நாட்டின் பங்கைப் பற்றி நான் இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். "நீங்கதான் ஆன்ட்டி முன்னோடி" என்றாள். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அந்தக் காலத்தில், விளையாட்டு வீரர்களிடம் ஒரே வினாத்தாளைப் பல நாடுகளில், அந்தந்த மொழியில் நிரப்பி வாங்கி ஒப்பிடுவது ஐரோப்பியர்களின் திட்டம். தமிழில் மொழிபெயர்த்து நிரப்பி வாங்க நாம் இருவர். 'பதற்றம்' என்று நான் எழுதியதை நீ அடித்தாய். "தோட்டத்துல யாருக்குடி பதற்றம் வருது? பயம்னு போடு."

தோட்டங்களுக்கிடையேயான போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஓட்டக்காரிகளை ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றின் புகைக்கூட வாசலில் சந்தித்தோம். உதவ வந்த மண்டோர், அவர்களை வேலை வாங்கும் கங்காணி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிறுத்துவதுபோல் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டார். ஓடுவதற்கு முன் பயமாக இருக்கிறதா என்ற கேள்வியையும் அவரே உரக்கப் படித்தார். அத்தனை பேரும் 'ஒருநாளும் இல்லை' என்பதைச் சுற்றி வட்டம் போட்டார்கள். வேலை சீக்கிரம் முடிந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

நீ மட்டும் குழாயடியில் ஒருத்தியை நிறுத்தி, "நெசமாவே பயமில்லையா?" என்று கேட்டாய்.

"எப்பவும் பயந்தான் டீச்சர். மண்டோர் முன்னால அத சொன்னா நாளைக்கு வேற ஆள ஓட விடுவார்லா."

திரும்பும் வழியில், மறுபடி எடுக்க மூன்று வாரம் வேண்டும் என்றாய். மாநாட்டுக்கு அனுப்பும் கெடு நெருங்கிவிட்டது என்றேன்.

"கிராணி மகதானே நீ! பெரட்டுல ஆள் நின்னா உனக்குப் போதும்" என்றாய்.

என் அப்பா தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி; உன் அம்மா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். அதுவரை நமக்குள் அந்தப் பேச்சை நீ எடுத்ததில்லை. நான் அன்றே தாள்களைத் தபாலில் சேர்த்தேன்.

மாநாட்டில் என் கட்டுரைக்குக் கைதட்டல் கிடைத்தது. மலாயாத் தோட்டத்துப் பெண்களின் அசாத்திய அமைதி என்று ஒரு வெள்ளைக்காரர் வியந்து பேசினார். அவர் வாயை அடைக்க, மண்டோர் நின்றதைச் சொல்லும் ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. நான் புன்னகைத்தேன். பிறகு வந்த கட்டுரைகள் பலவற்றில் அந்த அமைதி மேற்கோளாக ஏறியது.

மாநாட்டுக்காக நான் ஊரில் இல்லாத நாட்களில் நீ அந்தத் தோட்டத்துக்குத் தனியாகப் போய், அதே பெண்களைப் புகைக்கூடத்துக்குப் பின்னால் பால்மரத்தடியில் ஒவ்வொருத்தியாக உட்காரவைத்து மறுபடி எழுதி வாங்கியிருந்தாய். முன்பு எழுதிய தாள்களின் நகலையும் சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டி என் மேசையில் வைத்தாய். "இதையும் அனுப்பு" என்றாய். அவ்வளவுதான். நான் அனுப்பவில்லை. நீ ஒருமுறையும் கேட்கவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி முறுக்குடன் வந்தாய், என் முழங்கால் வலியை விசாரித்தாய், போனாய். நீ திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், அத்துடன் தீர்ந்திருக்கும். அந்த வசதியை எனக்கு நீ தரவில்லை.

கயிற்றை இன்றுதான் அவிழ்த்தேன். சோம்பலால் அல்ல, உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்ததால்தான் இத்தனை காலம் தொடவில்லை. பெரும்பாலான தாள்களில் 'எப்போதும்' என்பதைச் சுற்றித்தான் வட்டம். ஒருத்தி பென்சிலை அழுத்தியதில் காகிதம் கிழிந்திருக்கிறது.

எனக்குத் தெரியாதது ஒன்று கட்டின் அடியில் இருந்தது. ஐரோப்பாவுக்கு நீ தட்டச்சு செய்த கடிதம். முதலில் அனுப்பிய விடைகள் செல்லாது, தவறு நம் இருவருடையது என்கிறது. உன் கையெழுத்து இருக்கிறது. பக்கத்தில் என் பெயரும், அதன்மேல் கையெழுத்துக்கான வெற்றிடமும்.

தவறு உன்னுடையது இல்லையடி. அந்த வரியை 'தவறு என்னுடையது' என்று திருத்தினேன். பிறகு, நீ விட்ட இடத்தில் கையெழுத்திட்டு, இன்றைய தேதியையே போட்டேன். நாளை நீலாய்ப் பெண் வந்து தாள்கட்டை வாங்கிக்கொள்வாள்; என் இரண்டு பக்கமும் அந்தக் கடிதத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

சணல் கயிற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். நிரப்பாத வினாத்தாள் ஒன்றும் மிஞ்சியது. அதை நிரப்ப எனக்கு மண்டோர் யாரும் தேவைப்படவில்லை. பயமாக இருக்கிறதா என்ற கேள்வியில் 'எப்போதும்' என்பதைச் சுற்றி வட்டமிட்டேன்.