பேசாமல் இருக்கிறவர்களின் ஊர்

ஸ்டோவ்னர், ஒஸ்லோ
11.08.2009

அன்பு மகள் சோபிகாவுக்கு,

கோணேசர் கிருபையால் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். உடம்புக்கு என்று எழுதியதைக் கவனித்திருப்பாய். மற்றதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. நான் வேலைக்குப் போகிறேன், முதியோர் இல்லத்துக் குசினியில் உருளைக்கிழங்கு அவிக்கிறேன், வருகிறேன். அப்பா பஸ் ஓட்டுகிறார், வருகிறார். சாப்பிட்டோமா இல்லையா என்பது கோப்பையைக் கழுவும்போதுதான் தெரிகிறது. மே மாதம் வன்னியில் எல்லாம் முடிந்த பிறகு இந்த வீட்டில் யாரும் அழவில்லை. மேல் மாடிப் பூரணி வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், நான் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். விறைத்த காலில் எறும்பு கடித்தால் பார்த்துத்தானே அறிய வேண்டும், அப்படித்தான் இருக்கிறது.

நீ கடைசிக் கடிதத்தில் கேட்டது ஒன்றே ஒன்று, ஒக்டோபரில் கலியாணத்துக்கு வருகிறீர்களா இல்லையா என்று. பதில் எழுதச் சுணங்கியதற்குக் கோபிக்காதே. உன் சித்தப்பா சச்சிதானந்தன் உயிரோடு இருக்கிறார் என்றால் நாங்கள் கலியாணத்துக்கு வரலாம். இல்லை என்றால் வீட்டில் சாவுத் துடக்கு, ஒரு வருசம் கழித்து வரும் ஆட்டைத் திவசம் முடியும்வரை நல்ல காரியம் செய்ய மாட்டோம். இருக்கிறார் என்றும் சொல்ல முடியாமல் இல்லை என்று சொல்லவும் வாய் வராமல் இரண்டுக்கும் நடுவில் நின்றோம். வன்னியிலிருந்து வெளியே வந்த எத்தனையோ பேரிடம் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டாயிற்று. கலியாணமும் கட்டாமல் பள்ளிக்கூடமே கதி என்று பிள்ளைகளோடு இடம் மாறி இடம் மாறிப் போன மனிதர், அவரைத் தேட அண்ணனைத் தவிர யார் இருக்கிறார்கள். உன் காரியம் நடக்க வேண்டுமே என்று, எங்காவது ஒரு முகாமில் இருப்பார் என்று நான் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். அப்பா என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

நீ அனுப்பிய உன் அமெரிக்க ஊரின் சரித்திரப் புத்தகம் வந்து சேர்ந்தது. எனக்கு ஊர் பிடிக்க வேண்டும் என்று அனுப்பினாய், அதை முழுக்க வாசித்தது அப்பாதான். டியூட்டி முடிந்து வந்து உடுப்பும் மாற்றாமல் இருந்து வாசித்தார், நான் கேட்டால் இரண்டு சொல்லில் சொல்வார். நீ கட்டப்போகிற டேனியலின் ஆட்கள், அந்தக் குவேக்கர் என்கிற கிறிஸ்தவச் சனம், கரோலினாப் பக்கத்தில் அடிமை வைத்திருக்கிறவர்களுக்கு நடுவில் இருக்க மனமில்லாமல் இருநூறு வருசத்துக்கு முன் வண்டில் கட்டி வந்து, இந்தியானாவில் ஆற்றங்கரையில் உன் ரிச்மண்டை உண்டாக்கினார்களாம். யாருக்கும் தொப்பி கழற்றாத, சத்தியம் பண்ணாத, துவக்குத் தூக்காத ஆட்கள். தப்பி ஓடி வந்த அடிமைகளை அந்தப் பக்கத்து வீடுகளில் ஒளித்து வைத்து வடக்கே அனுப்பினார்களாம். எங்களுக்கும் ஒருகாலத்தில் கலவர நேரம் ஒளிந்திருக்க அப்படி ஒரு வீடு கிடைத்ததால்தான் நீ இன்று இருக்கிறாய், அதை மறக்காதே. பிறகு அங்கே பியானோ செய்தார்கள், புல்லு வெட்டும் மெசின் செய்தார்கள், கண்ணாடி வீடு கட்டி ரோசாப்பூ வளர்த்து ஊர் ஊராக விற்றார்கள். வாய் திறக்காத சனம் பியானோ செய்தது எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஸ்தவாங்கரில் இருந்தும் இந்தக் கூட்டத்தார் சிலர் ஒரு சின்னப் பாய்க்கப்பலில் ஏறி அமெரிக்கா போயிருக்கிறார்களாம், அதை மட்டும் அப்பா தானாக வந்து சொன்னார், நோர்வேக்காரரும் அகதியாய்ப் போயிருக்கினம் என்று.

அந்தப் புத்தகத்தில் ஒரு இடத்தில் அவர் நின்றுவிட்டார். நீ பிறப்பதற்கு முன்னர் உன் ஊரின் கடைத்தெருவில் நிலத்துக்குக் கீழே எரிவாயு கசிந்து, ஒரு கடையில் இருந்த வெடிமருந்தும் சேர்ந்து வெடித்து நாற்பத்தொரு பேர் செத்திருக்கிறார்கள். துவக்கைத் தொடமாட்டோம் என்றவர்கள் உண்டாக்கிய ஊருக்கு நடந்ததைப் பார். அப்பா என்னிடம் சொன்னது அதுவல்ல. நாற்பத்தொரு பேர் எண்டு எண்ணி வைச்சிருக்கினம் மங்களம், ஒருத்தரும் விடுபடேல்லை என்றார். பிறகு எழும்பிக் குளிக்கப் போய்விட்டார்.

இனி ரூத்தின் விஷயத்துக்கு வருகிறேன். டேனியலின் தாயாகிய அந்த மனுசியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாக நீ சொல்லியிருப்பாய் என்று நினைக்கிறேன். ஜூன் மாதம் அவள் முதல் முறை போன் எடுத்தபோது எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஹலோ என்றேன், ஹலோ ஹலோ என்றேன், மூச்சுச் சத்தம்கூட இல்லை. நான் ரிசீவரை வைத்துவிட்டேன். சித்தப்பா சித்திரையில் கடைசியாகக் கதைத்தபோதும் அப்படித்தான், அரிசி கிடைக்கேல்லை அண்ணி என்று சொல்லிக்கொண்டிருந்தார், பிறகு ஒன்றும் இல்லை. போனில் சத்தம் நின்றால் எங்கள் சனத்துக்கு அர்த்தம் ஒன்றுதான், ஆள் போய்விட்டது. அவர்களுக்கு அதுதான் கும்பிடுகிற முறை, துக்கம் கேட்டால் பேசாமல் கூட இருப்பார்கள் என்று நீ பிறகு விளக்கினாய். எனக்கு எப்படித் தெரியும். எங்கள் கோயிலில் சனத்தை இரண்டு நிமிசம் வாய் மூடி இருக்கச் சொன்னால் செருப்பைத் தேடி எழும்பிவிடும்.

போன ஞாயிறு அவள் திரும்ப எடுத்தாள். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன், கை முழுக்கச் செதில், அப்பாதான் போனை எடுத்தார். யெஸ் என்றார், என்னுடைய தம்பி என்றார், அவ்வளவுதான். பிறகு அப்படியே நின்றார். வழக்கம்போலக் கட்டாகிவிட்டது என்று நான் ஓடிப்போய் வாங்கக் கை நீட்டினேன், வேண்டாம் என்று தலையசைத்தார். நான் மீனைக் கழுவி, மஞ்சள் உப்புப் பிரட்டி, அடுப்பில் சட்டியும் வைத்துவிட்டேன், அவர் சுவரைப் பார்த்தபடி காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கடைசியில் தாங்ஸ் என்று சொல்லி வைத்தார். குசினி வாசலில் வந்து நின்று, ஐயருக்குப் போன் எடு மங்களம், தம்பிக்குச் செய்ய வேணும் என்றார். யார் யாரோ எவ்வளவோ சொல்லியும் வாயில் வராத சொல், ஒன்றும் சொல்லாத மனுசியோடு நின்றபோது வந்தது. எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. அடுப்பைக் குறைத்தேன்.

செத்த நாள் தெரியாதவருக்கு அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் சொல்லியிருக்கிறார், வருகிற அமாவாசைக்குச் செய்கிறோம். நீ அன்று மச்சம் மாமிசம் சாப்பிடாதே. இங்கே ட்வெய்ட்டாவில் இருக்கும் உன் அத்தை இந்திரா கேள்விப்பட்டு உடனே வந்தாள். அப்ப கலியாணத்தை வாற வருசத்துக்குத் தள்ளுங்கோ, அதுவும் ஐயர் இல்லாத கலியாணம் என்று தொடங்கினாள். அப்பா கேட்டது ஒன்றுதான். ஒரு வருசம் என்ரை பிள்ளை காத்திருந்தால் தம்பி திரும்பி வருவானோ, வருவான் எண்டால் சொல்லு, தள்ளுறன். அத்தை தேநீரையும் குடிக்காமல் போய்விட்டாள். பிறகு வருவாள், அவள் குணம் உனக்குத் தெரியும்.

ஆகவே நாங்கள் வருகிறோம். டிக்கெட் விஷயம் உன் தம்பி ஜதுசன் பார்க்கிறான். ஐயரும் இல்லை, மேளமும் இல்லை, நீங்கள் இருவரும் எழும்பி நின்று நீங்களே சொல்லிக்கொள்வீர்கள், வந்த எல்லோரும் கையெழுத்து வைப்பார்கள் என்று எழுதியிருந்தாய். எனக்கு அது கலியாணம் போலவே தெரியவில்லை, ஆனாலும் கையெழுத்து வைப்பேன், தமிழில்தான் வைப்பேன். அவர்கள் எளிமையாக உடுப்பார்கள் என்றாய், உடுக்கட்டும். கூறைச்சேலை என் பெட்டியில் வரும், கரை பெரிதென்று யாரும் சொன்னால் அம்மாவைக் காட்டு. வெள்ளை மட்டும் உடுக்காதே பிள்ளை, இந்த வருசம் என்னால் பார்க்க ஏலாது. தாலியைப் பற்றி நேரில் கதைப்போம். அப்பா அங்கே யாரோடும் கதைப்பார் என்று எதிர்பார்க்காதே, டேனியலுக்கும் சொல்லி வை. இங்கே எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் என்ன ஞானசேகரம் பேச்சைக் காணோம் என்று கேட்டுக் கேட்டு மனிதரை வீட்டுக்குத் துரத்திவிடுகிறார்கள். உன் ஊரில் கேட்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

குளிர் தொடங்க முன் காதை மூடிக்கொண்டு திரி, வேலை வேலை என்று பின்னேரச் சாப்பாட்டைத் தவறவிடாதே. நீயும் அவனும் நூறு வயது ஒன்றாக இருக்க வேண்டும், கோணேசரும் மாதுமையம்மனும் துணை. ரூத்துக்கு என் அன்பைச் சொல்லு.

ஒன்றை ரூத்திடம் மறவாமல் கேட்டு உடனே எழுது. நேற்றுச் சாப்பிடும்போது அப்பா கோப்பையைப் பார்த்தபடி கேட்டார், அவையள் பேசாமல் இருக்கிற அந்த மண்டபத்திலை இருந்து ஆரும் அழுதால் என்ன செய்வினம், எழுப்பி வெளியிலை கொண்டுபோய் விடுவினமோ, இருக்க விடுவினமோ என்று.

இப்படிக்கு,
உன் அம்மா
மங்களேஸ்வரி ஞானசேகரம்