பேச்சுக்குச் சொன்னாயா

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம்தான், என் பொறுமைக்குத்தான் சுகமில்லை. போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், நீயும் "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். பேசிப் பேசித்தான் இவ்வளவும் வந்தது, அதனால் எழுத்தில் கேட்கிறேன், எழுத்தில் பதில் சொல்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "எதுக்குப்பா அங்க கிடந்து கஷ்டப்படறீங்க, ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்க" என்றாய். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டேன், தேய்த்துக்கொண்டே மறந்தும் போனேன். வாசலில் பார்த்தவரை "வாங்க, சாப்பிட்டுப் போங்க" என்கிறோமே, அந்த மாதிரி என்று விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. பத்தாம் நாள், வேலையை விடுகிறேன் என்று பேருந்து நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். வீட்டுக்காரரிடமும் காலி செய்கிறோம் என்று சொல்லியாயிற்று. கட்டின பெண்டாட்டியிடம் மட்டும் மூச்சு விடவில்லை. மாடி வீட்டு அக்கா படியில் நிறுத்தி "மகன் வீட்டுக்குப் போறீங்களாமே, சொல்லவேயில்லையே" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. அவளுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்த மாதிரி, அவள் வாய் உனக்குத் தெரியாததா. நான் என்ன சொல்ல, தெரிந்தவள் மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இருபத்தாறு வருஷமாகப் பேருந்து நிலையத்தில் மைக்கில் பேசுகிற மனிதர், எந்த வண்டி எந்த மேடையில் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளித்தான் சொல்வார். இதோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். ஆனால் ஒன்று, சொன்னால் அது நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான்காம் மேடை என்று சொல்லி, வண்டி ஒன்பதில் வந்து நிற்க, கைக்குழந்தையோடு ஓடின ஒரு பெண் படியில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டாள். அன்றையிலிருந்து வண்டி உள்ளே வந்து, பலகையைத் தன் கண்ணால் படிக்காமல் மைக்கைத் தொடமாட்டார். தாமதமாகச் சொல்கிறார் என்று மேலே இருக்கிறவர்களிடம் எத்தனை பேச்சு வாங்கியிருப்பார், அசையவில்லை. அவரைப் பொறுத்தவரை ஒரு வார்த்தை வாயை விட்டு வந்தால் வண்டி வந்து நின்றாயிற்று என்று அர்த்தம். மற்றவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள் என்று இந்த வயதிலும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

நானும் தலையில் அடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். பல் மருத்துவமனையில் சீட்டுக் கொடுக்கிற நான் "இதோ அஞ்சே நிமிஷம்" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறேன், அதில் ஒன்றாவது ஐந்து நிமிஷமா? வாக்குக் கொடுப்பது ஒன்று, ஆறுதலுக்குச் சொல்வது ஒன்று, போனை வைப்பதற்கு முன்னால் ஏதாவது சொல்லவேண்டுமே என்று சொல்வது இன்னொன்று, பிள்ளை சொன்னது எது என்று ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா என்றேன். "அவன் என் பிள்ளை. சொன்னா சொன்னதுதான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சின்னவள் விஷயம் தெரிந்து ஓடி வந்து, "அண்ணன் பேச்சுதான் உங்களுக்குப் பேச்சா, பக்கத்துல இருக்கிற என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா" என்று கத்திவிட்டுப் போனாள். இரண்டு வாரமாக அப்பாவோடு பேச்சுவார்த்தை கிடையாது, எல்லாம் என் வழியாகத்தான் போய் வருகிறது. அவள் குழந்தைக்கு இப்போதுதான் பேச்சு வந்திருக்கிறது, "வேணாம்" ஒன்றுதான் சொல்கிறது. இந்தக் குடும்பத்தில் தெளிவாகப் பேசுவது அது ஒன்றுதான்.

நிலைய மேலாளர் நல்ல மனிதர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாசக் கடைசி வரைக்கும் அந்தக் காகிதத்த மேல அனுப்பமாட்டேன், மேஜைக்குள்ளயே இருக்கட்டும், நீங்க பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகு அந்த வேலையும் இல்லை, இந்த வீடும் இல்லை. அதனால்தான் கேட்கிறேன், நீ பேச்சுக்குச் சொன்னாயா, மனதாரச் சொன்னாயா? மருமகளிடம் கேட்டாயா? இருக்கிற இரண்டு அறையில் எங்களை எங்கே படுக்க வைப்பாய் என்று யோசித்தாயா?

கோபத்தில் இன்னும் நாலு பக்கம் எழுதுவேன். ஆனால் வியாழக்கிழமை சாப்பாடு கொடுக்க அவருடைய அறிவிப்பு அறைக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது, மைக்கை அணைத்து வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்து, "நான் சீக்கிரம் எழுந்துருவேன்மா, சத்தம் போடமாட்டேன். குழந்தைய நானே பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வரேன்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகளிடம் பேசுவதற்கு ஒத்திகை. பிடிக்கவில்லை போலிருக்கிறது, திரும்ப முதலிலிருந்து சொன்னார். நான் இரண்டு நிமிஷம் வெளியிலேயே நின்று அழுதுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

வரச் சொல்வதானால் அவர் பெயருக்கு எழுது. முடியாதென்றால் அதையும் எழுது, எனக்கு வருத்தம் இருக்காது என்று பொய் சொல்லமாட்டேன், ஆனால் புரிந்துகொள்வேன். அதை வீட்டுக்கு எழுதாதே, என் பெயருக்கு மருத்துவமனை விலாசத்துக்கு எழுது. நான்தான் வரமாட்டேன் என்று அடம் பிடித்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அவர் என்னைப் பேசுவார், பேசட்டும், எனக்குப் புதிதில்லை. பிள்ளை சொன்ன வார்த்தை பொய்யாகப் போயிற்று என்று மட்டும் அவருக்குத் தெரியவேண்டாம்.

மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடு, குழந்தையைச் சும்மா அதட்டாதே. இருபதாம் தேதிக்குள் பதில் என் கைக்கு வரவேண்டும், மறந்துவிடாதே.

உன் மேல் கோபமாக இருக்கும்,
அம்மா

பி.கு: பழைய இரும்புப் பெட்டியைத் தேய்த்துக் கழுவி, மூடி மேல் வெள்ளைப் பெயிண்டில் உன் விலாசத்தை எழுதியிருக்கிறார். நேற்றே காய்ந்துவிட்டது.