ஆரோக்கியசாமி அண்ணனின் ஒற்றைப் பை

திங்கட்கிழமை இரவு, ஆண்டர்சன்பேட்டை

பக்கத்து வீட்டு ஆரோக்கியசாமி அண்ணன் இன்று குப்பை பிரித்தார். எழுதி வைக்க வேண்டிய நாள்தான்.

"இன்னாத்துக்குப் பிரிக்கணும்? வண்டியில எல்லாம் ஒண்ணாத்தான் போவுது" என்று மீன் முள்ளையும் பிளாஸ்டிக்கையும் ஒரே பையில் கட்டிக் கொடுப்பவர். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். காலையில் குப்பை வண்டி லட்சுமம்மா அந்தப் பையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது உங்க கோவில் ஓலை இல்ல?" என்றாள். போன வருஷம் ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த குருத்தோலை! நாளை மறுநாள் சாம்பல் புதன். பழைய ஓலையைக் கோவிலில் கொடுத்தால் எரித்து, அந்தச் சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார்கள். குப்பையில் போடவே கூடாது.

அண்ணன் தெருவிலேயே குந்தி, ஓலையைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மிச்சக் குப்பையையும் தானே பிரித்தார். "இனிமே ரெண்டு பை வெச்சிடுறேம்மா" என்றார்.

நாள் முழுக்க எனக்கு ஒரே சிரிப்பு. இப்போதுதான் எங்கள் ஓலையை எடுக்கச் சுவரில் மாட்டிய சிலுவைக்குப் பின்னால் கைவிட்டேன். இல்லை. சனிக்கிழமை ஒட்டடை அடித்தது நான்தான். காய்ந்த இலை என்று நினைத்து, ஈரக்குப்பையோடு பச்சைத் தொட்டியில், ரொம்ப ஒழுங்காகப் பிரித்துப் போட்டிருக்கிறேன்.

காலையில் அண்ணனிடம் பாதி ஓலை கேட்க வேண்டும்.